சந்தனப் பொட்டு வைத்த கால்குலேட்டர்

போன மாதம் எங்கள் ஓய்வுபெற்ற பொறியாளர் சங்கத்துக் கூட்டம் தஞ்சாவூரில் நடந்தது. வடையும் காபியும் முடிந்து, பென்ஷன் புலம்பலும் முடிந்து, எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இலக்கியா வந்தாள். நான் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உதவிப் பொறியாளராக உட்கார்ந்திருப்பவள். வந்ததும் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

திரையில் என் கால்குலேட்டர். வெறும் படம் இல்லை, அழுத்தினால் வேலை செய்கிற கால்குலேட்டர். அதே கறுப்பு உடம்பு, அதே சரிவான பொத்தான்கள், தலைமாட்டில் அதே சிவப்பு எண்கள். செத்துப்போனவரைக் கனவில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"பழைய ப்ரோகிராம் கால்குலேட்டர் சார். ஃப்ரீ ஆப்தான். உங்ககிட்ட நிஜ மிஷினே இருந்துச்சாமே? ஆனா இதுல சமக்குறியே காணோம் சார். டவுன்லோடு பாதியில நின்னுடுச்சோ?"

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. சங்க மலருக்கு இதை எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அங்கேயே பிடித்துக்கொண்டாள். சரி, எழுதுகிறேன். படித்தது, தேர்வெழுதியது, வேலையில் சேர்ந்த புதிதில் வாய்க்கால் வாய்க்காலாக லெவல் எடுத்து வெயிலில் கறுத்தது, இதெல்லாம் இந்த மலரைப் படிக்கிற எல்லாருக்கும் நடந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

இலக்கியா கேட்ட கேள்வியை எனக்குத் தெரிந்து முதலில் கேட்டவர் கூத்தாநல்லூர் ஹாஜா பாய். சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர்கள் கொண்டுவரும் சாமான்களை வாங்கி விற்கிற கடை அவருடையது. நைலக்ஸ் புடவை, தைலம், டார்ச் லைட்டு எல்லாம் முன்னால் மினுக்கிக்கொண்டிருக்க, இந்தக் கால்குலேட்டர் மட்டும் கண்ணாடிப் பெட்டியின் மூலையில் தூசியோடு கிடந்தது. அப்படி ஒன்று இருப்பதை ஆங்கிலப் பத்திரிகையில்தான் நான் பார்த்திருந்தேன். கணக்குப் போடும் வழியை ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு எண்களை மட்டும் கொடுத்தால் போதும். ஆற்றில் இவ்வளவு தண்ணீர், வாய்க்காலில் இவ்வளவு, ஷட்டரை எவ்வளவு தூக்கலாம் என்று நாள் தவறாமல் ஒரே கணக்கைப் போட்டு மண்டை காய்ந்துகொண்டிருந்த எனக்கு அது கற்பக விருட்சம்.

"அது ரிப்பேர் தம்பி," என்றார் பாய். "சமக்குறி வைக்க மறந்துட்டான். எத்தனை பேர் வந்து தட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. வேணும்னா ரிப்பேர் விலைக்கு எடுத்துக்க."

அப்போது வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்திருக்க வேண்டும். என் வாய் என்றைக்கு மூடியது?

"ரிப்பேர் இல்ல பாய். ரெண்டையும் மூணையும் கூட்டுன்னுதானே நாம சொல்றோம்? கூட்டுங்கறது கடைசியிலதானே வருது? இந்த மிஷினும் அப்படித்தான். ரெண்டு, மூணு, அப்புறம் கூட்டல். பாருங்க, அஞ்சு வந்துடுச்சு. சமக்குறிக்கு வேலையே இல்ல."

பாய் அதை வாங்கி அவரே மூன்று தடவை போட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட! அமெரிக்காக்காரன் தமிழ் மிஷினு பண்ணிருக்கான். நல்லதாப் போச்சு. ரிப்பேர் இல்லன்னு நீயே சொல்லிட்ட, இனிமே ரிப்பேர் விலைக்குக் கேக்காதே."

என் கல்யாண மோதிரம் அந்தக் கடையிலேயே தங்கிவிட்டது. வீட்டில் வசந்தா என் விரலைப் பார்த்தாள், கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "எங்கப்பா போட்ட மோதிரத்தைக் குடுத்து எனக்கு ஒரு சக்களத்தியை வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குச் சின்னவள் என்று பெயர். சின்னவளுக்கு சார்ஜ் போட்டாச்சா, சின்னவளைத் தலையணைக்கடியில் வைக்காதீங்க என்றுதான் பேச்சு.

ஆபீசில் அதற்கு ஒரு தனி மரியாதை கிடைத்தது. எங்கள் ஆபீசில் பேனா, குடை, சைக்கிள், சாப்பாட்டுக் கேரியர், எதை வைத்தாலும் யாராவது இரவல் வாங்கிப் போய்விடுவார்கள், திரும்பி வராது. கால்குலேட்டர் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். "இந்தாப்பா, நீயே வெச்சுக்க, சமக்குறி இல்லாத சனியன்."

அதைத் துளியும் மதிக்காத ஆள் ஒருவர் உண்டு. எங்கள் செயற்பொறியாளர் ராமாமிர்தம் சார். ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை, இடுப்பில் தோல் உறை. உறைக்குள் கத்தி இல்லை, ஸ்லைடு ரூல். மரத்தில் செய்த அளவுகோல் மாதிரி இருக்கும், நடுச்சட்டத்தை இழுத்து நகர்த்திப் பெருக்கல் வகுத்தல் போடுவது. அதில் விடையின் எண்கள் கிடைக்கும், புள்ளி எங்கே வரும் என்று அது சொல்லாது. இருபதா இருநூறா என்பதை நாம்தான் மனசில் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனாலேயே அவர் எந்தக் கணக்கையும் மனசில் தோராயமாகப் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார்.

யார் எந்த விடையைக் கொண்டுபோனாலும் கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, மெதுவாக ஒரு வாக்கியம் சொல்லுவார். "தப்புன்னு வெச்சுக்குவோம். எங்க தப்புன்னு தேடுவோம்."

தேடித் தப்பு இல்லையென்று ஆனால்தான் கையெழுத்து. லீவு விண்ணப்பத்துக்கும் அதே நடைமுறைதான். "மாமனாருக்கு உடம்பு சரியில்லைங்கற. சரி, தப்புன்னு வெச்சுக்குவோம்." ஒருதரம் என் மாமனார் நேரிலேயே வந்து இருமிக் காட்டிவிட்டுப் போனார்.

கால்குலேட்டரை முதன்முதலில் அவரிடம் காட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சமக்குறி இல்லாம ஒரு கணக்காய்யா? தாலி கட்டாத கல்யாணம் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு ஸ்லைடு ரூலை உருவினார். அதோடு சரி. வருஷக்கணக்கில் நான் கால்குலேட்டரில் போடுவேன், அவர் ஸ்லைடு ரூலில் சரிபார்ப்பார். ஒத்துப்போனால் ஏமாற்றத்தோடு கையெழுத்துப் போடுவார்.

இனிமேல்தான் கதை.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆபீசில் எல்லாக் கருவிகளையும் துடைத்துப் படத்துக்கு முன்னால் வைத்துப் பூஜை போட்டோம். எங்கள் அலுவலக உதவியாளர் கோவிந்தசாமி பக்தியில் கொஞ்சம் தாராளம். நிலம் அளக்கும் தியோடலைட்டுக்கு மாலை, லெவல் பார்க்கும் கோலுக்கு வாழைக்கன்று, டெலிபோனுக்கு மூன்று பட்டை விபூதி, காதில் வைக்கிற இடத்தில் சந்தனம். இதையெல்லாம் பார்த்து மெச்சிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பூஜையில் வைத்ததை விஜயதசமியன்று மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சின்னவளுக்கும் ஒருநாள் ஓய்வு என்று வசந்தாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம்.

ஆயுத பூஜை அன்று காலை கல்லணையிலிருந்து போன் வந்தது. மறுநாளிலிருந்து தண்ணீரைக் குறைக்கிறார்கள், இருப்பதை இன்றைக்கே பிரித்து விட்டுவிட வேண்டும். அந்தப் போனை எடுத்தவர் ராமாமிர்தம் சார்தான். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவர் காது மடலில் ரூபாயகலத்துக்குச் சந்தனம் ஒட்டியிருந்தது. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அன்று முழுக்க அப்படியேதான் இருந்தார்.

ஆபீஸ் வாசலில் அதற்குள் கூட்டம். எங்கள் தலைமதகில் ஆறு இரண்டு வாய்க்காலாகப் பிரிகிறது. வடக்கு வாய்க்கால்காரர்கள் நடவு முடித்து நிம்மதியாக இருந்தார்கள். தெற்கே விடாத தண்ணீரெல்லாம் அவர்கள் பக்கம்தான் போகும். தெற்கு வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவே இல்லை. அங்கிருந்து டிராக்டரில் வந்தவர்களுக்கு முன்னால் நின்றவள் கண்ணம்மா. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தன் பெயரில் குத்தகைக்கு நிலம் பிடித்து நாற்று விட்டிருந்தாள்.

"நாத்து முத்திப் போச்சுங்கய்யா. இன்னைக்குத் தண்ணி வந்தாத்தான் நடவு. இல்லாட்டி மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான். சொந்தமாப் பயிர் வெக்கிறாளாம்னு ஊரே சிரிக்கும்."

மதகை முழுக்கத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தெற்கு வாய்க்கால் கரை நடுவில் ஓரிடத்தில் உடைந்து, அப்போதுதான் மண் கொட்டி அடைத்திருந்தோம். கொஞ்சம் அதிகம் விட்டால் கரை உடைந்து நட்ட வயலெல்லாம் முழுகும். கொஞ்சம் குறைத்து விட்டால் தண்ணீர் கடைமடைக்குப் போகாமல் வழியிலேயே தீர்ந்துவிடும். ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்பது அளந்து கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியது.

கணக்குப் போடும் சாமான் எல்லாம் சாமிக்கு முன்னால் இருந்தது.

"நாளைக் காலைல மறுபூஜை போட்டதும் முதல் வேலை இதுதான்," என்றார் ராமாமிர்தம் சார். அவருக்கும் பக்தி அதிகம்.

வடக்கு வாய்க்கால் சார்பில் வந்திருந்த பெரிய விவசாயி தங்கராசு, வெள்ளிப் பூண் போட்ட குடையைத் தரையில் ஊன்றித் தலையாட்டினார். "அதானேங்க முறை. பூஜைல வெச்சத எடுத்தா சாமி குத்தம்."

கண்ணம்மா அவரைப் பார்க்கவே இல்லை. சாரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எங்க வீட்லயும் அருவாளுக்குப் பொட்டு வெச்சிருக்கேன் ஐயா. இன்னைக்கு எடுக்கக் கூடாதுதான். ஆனா வீட்ல ஒருத்தி பிள்ளை பெத்துட்டான்னா, தொப்புள்கொடி அறுக்க நாளைக்கு வான்னு சொல்லுவோமா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார். துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார்.

"எடுக்கறது தப்புன்னே வெச்சுக்குவோம்," என்றார். "தண்ணிய விட்டுட்டு சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம். கோவிந்தசாமி, கதவைத் திற."

உள்ளே போய் ஸ்லைடு ரூலை எடுத்து நடுச்சட்டத்தை இழுத்தார். வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். சந்தனம் இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தது. லாகரிதம் புத்தகம் சரஸ்வதி படத்துக்குக் கீழே அடுக்கின் அடியில் இருந்தது. அதை உருவினால் சரஸ்வதி எங்கள் தலையில் விழுவாள்.

நான் கால்குலேட்டரைத் தேடினேன். கண்ணுக்குப் பட்டது, ஆனால் அடையாளம் தெரியவில்லை. கோவிந்தசாமி ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, விதை நெல் விதைத்த மாதிரி வரிசையாக முடித்திருந்தார். கணக்கு வழியைப் பதிந்து வைத்திருந்த காந்தப் பட்டையையும் விடவில்லை. அதிலும் சரியாகக் காந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு பொட்டு.

"என்ன கோவிந்தசாமி இது?"

"டைப்ரைட்டருக்கு எழுத்துக்கு எழுத்து வெக்கிறோமுங்க. இதுக்கு மட்டும் ஒரே பொட்டுன்னா ஓரவஞ்சனை ஆயிடாதுங்களா?"

கண்ணம்மா வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினாள். "தோண்டி எடுங்கய்யா. உங்க மிஷினு நல்லபடியா எந்திரிக்கட்டும்." நான் பொத்தான் பொத்தானாகச் சுரண்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினேன்.

தலைமதகுப் பாலத்தில் இன்னொரு சிக்கல். இந்தக் கால்குலேட்டரின் சிவப்பு எண்கள் நிழலில் நன்றாகத் தெரியும், வெயிலில் ஒன்றும் தெரியாது. தங்கராசு தாமாக முன்வந்து வெள்ளிப் பூண் குடையை விரித்துப் பிடித்தார். உதவி செய்வதற்காக அல்ல, சாமி குத்தம் எப்படிப் பலிக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக. குடைக்குக் கீழே நான், ராமாமிர்தம் சார், தங்கராசு, கண்ணம்மா, கோவிந்தசாமி. எல்லார் மேலும் சந்தன வாசனை.

காந்தப் பட்டையைச் செருகினேன். படிக்கவில்லை. கணக்கு வழி முழுவதையும் ஞாபகத்திலிருந்து பொத்தான் பொத்தானாக மறுபடி சொல்லிக் கொடுத்தேன். மேலே தண்ணீர் மட்டம், கீழே மட்டம், வாய்க்கால் தாங்கக்கூடிய அளவு எல்லாம் கொடுத்து ஓட்டினேன். கால்குலேட்டர் கொஞ்ச நேரம் கண் சிமிட்டிவிட்டு விடை சொன்னது. ஷட்டரை இரண்டு அங்குலம் தூக்கினால் போதும்.

தங்கராசு முகத்தில் தீபாவளி. காலையில் அதைத் தொட்டாலே சாமி குத்தம் என்றவர், குடையோடு கையெடுத்துக் கும்பிட்டார். "மிஷினே சொல்லிடுச்சு. பூஜைல வெச்ச மிஷினு பொய் சொல்லுமா? ரெண்டே அங்குலம். தூக்கச் சொல்லுங்க, நான் கெளம்புறேன்."

இரண்டு அங்குலத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராது என்று கண்ணம்மா முகத்திலேயே எழுதியிருந்தது. நம்பிப் பழகிய கால்குலேட்டர் அது, ஒருநாளும் ஏமாற்றியதில்லை. கணக்கு இப்படி என்றால் நான் என்ன செய்ய?

ராமாமிர்தம் சார் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கண்ணாடி துடைப்பதை அவ்வளவு ஆசையோடு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தப்புன்னு வெச்சுக்குவோம்," என்றார்.

எழுதப் பென்சில் இல்லை, அதுவும் பூஜையில். கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்துப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் தோராயக் கணக்குப் போட்டார். அவருக்கு இரண்டடிக்குப் பக்கத்தில் வந்தது. அவர் இரண்டடி என்கிறார், கால்குலேட்டர் இரண்டு அங்குலம் என்கிறது.

"நீ சொல்லிக் குடுத்தத ஒவ்வொரு படியாக் காட்டச் சொல்லு. நான் சுவத்துல சரிபாக்குறேன்."

கால்குலேட்டரில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. நான் ஒரு படி சொல்ல, அவர் சுவரில் ஒரு கோடு போட, சுற்றி நின்ற இரண்டு வாய்க்கால்காரர்களும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "வர்க்கமூலம்!" என்று ஒருவர் உற்சாகமாகக் கத்தினார். என்னவென்று தெரியாமலே மற்றவர்களும் கத்தினார்கள்.

தெற்கு வாய்க்கால் மதகில் தண்ணீர் பாயும் கண் நாலு. அந்த நாலு வர வேண்டிய படி வந்தது. நாலு என்றேன். அடுத்த படியை அழுத்தினேன். மறுபடியும் நாலு.

"என்னய்யா, ரெண்டு நாலு?"

பொத்தானை உற்றுப் பார்த்தேன். நாலாம் நம்பருக்கடியில் இன்னும் கொஞ்சம் சந்தனம். ஒருமுறை அழுத்தினால் அது ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பதிகிறது. நாலு கண் மதகை நான் கால்குலேட்டருக்கு நாற்பத்து நாலு கண் மதகாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவ்வளவு கண் இருந்தால் இரண்டு அங்குலமே ஏராளம்தான், பாவம், அது என்ன செய்யும்!

"காவேரிக்கே அத்தனை கண் மதகு எதுக்குய்யா!" என்றார் சார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதிகப்படி நாலை அழித்துவிட்டு ஓட்டினேன். இரண்டடிக்கு மயிரிழை குறைவாக வந்தது. சார் அதையும் தப்பென்று வைத்துக்கொண்டு இன்னொரு முறை தேடினார். தப்பு கிடைக்கவில்லை.

"தூக்குய்யா," என்றார்.

ஷட்டர் தூக்கும் சக்கரத்தில் முதலில் கை வைத்தது கண்ணம்மாவுடன் வந்தவர்கள். வழக்கமாக அதெல்லாம் எங்கள் ஆட்கள்தான் செய்ய வேண்டும். அன்று யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் நுரைத்துக்கொண்டு தெற்கே இறங்கியது. கண்ணம்மா அதோடு சேர்ந்தே கரைமேல் நடக்க ஆரம்பித்தாள். டிராக்டரில் ஏறச் சொன்னார்கள், ஏறவில்லை. ஊக்கைத் திருப்பிக் கொடுக்க நான் கூப்பிட்டேன், அவள் காதில் விழவில்லை.

தங்கராசு குடையை மடக்கினார். "சாமி குத்தம்தான்," என்று மறுபடி ஆரம்பித்தார். கேட்பதற்குப் பாலத்தில் யாரும் இல்லை.

அறுவடை முடிந்து தை மாதக் கடைசியில் ஒருநாள் கண்ணம்மா ஆபீசுக்கு வந்தாள். இடுப்பில் ஒரு கூடை, அதில் புது அரிசி. கூடை கனம் அவளுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. "நட்டது பூராவும் வெளஞ்சுதுங்கய்யா. சிரிக்கலாம்னு இருந்தவங்க எல்லாரும் அடுத்த வருஷத்துக்கு வெதை நெல் கேக்குறாங்க."

எனக்கும் சந்தோஷம், கோவிந்தசாமிக்கும் சந்தோஷம். ராமாமிர்தம் சார் அறையிலிருந்து எழுந்து வந்து நின்றார். அரிசியைத் தப்பென்று வைத்துக்கொள்ளவில்லை.

கண்ணம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே குங்குமச் சிமிழ்.

"எங்கங்கய்யா அந்த மிஷினு? என் நாத்தக் காப்பாத்துன சாமி. ஒரே ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிடறேன்."

என் கை தானாகக் கால்குலேட்டரை மூடிக்கொண்டது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவள் விரலில் குங்குமம் ஏறிவிட்டது. மேஜையில் பாதி தூரம் வந்தும்விட்டது.

அப்போது எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை நீண்டது. ராமாமிர்தம் சார் இடுப்பு உறையிலிருந்து ஸ்லைடு ரூலை உருவியிருந்தார். கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது, யாரையும் தொடவிடமாட்டார். பூஜைச் சந்தனத்தை மாதக்கணக்கில் சுரண்டி அப்போதுதான் மறுபடி ஓட வைத்திருந்தார். அதை அவளுக்கு முன்னால் நீட்டினார்.

"அதுக்கு வேண்டாம்மா," என்றார். "அது இன்னும் வேலை பாக்கணும். இதுக்கு வை."

கண்ணம்மா நன்றாக, தாராளமாக, நடுச்சட்டத்தின் மேலேயே வைத்தாள்.